நாயும் வேலைக்கு வரலாமா?



கடந்த சில மாதங்களுக்குள் நான் போய்வந்த மூன்று வேலைத்தலங்களில் ஒரே விடயத்தைப் பற்றிய முறைப்பாடு என் காதில் விழுந்தது. ஒன்று தையல் நிலையம். மற்றது பனையோலை வேலை நடக்கும் கொட்டில். மூன்றாவது, மிளகாய்த்தூளும் அரிசிமாவும் பொதி செய்யும் இடம். மூன்றிலும் வேலை செய்பவர்கள் பெண்கள். மூன்றிலும் கேள்வி ஒன்றுதான். வேலைக்கு வரும் ஒருவர் தன் நாயையும் கூட்டிக்கொண்டு வரலாமா, வரக்கூடாதா?

இதையும் ஒரு பிரச்சினை என்று எழுதவேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கடன் தவணைக்காரர் படலையில் வந்து நிற்கிறார். காணாமற்போனவரைப் பற்றி இன்னும் ஒரு பதிலும் இல்லை. தைத்த துணிக்குக் காசு வரவில்லை. இவற்றுக்கு நடுவில் நாய்க் கதை எதற்கு? ஆனால் இந்த நாய்க் கதையால் ஒரு சகோதரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்ததையும், இன்னொரு சகோதரி எவருக்கும் சொல்லாமல் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

நாய் வேலைக்கு வருவது எங்களுக்குப் புதிய விடயம் அல்ல. புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கப் போனாலும், வயலுக்குக் காவலுக்குப் போனாலும், மாடு மேய்க்கப் போனாலும் நாய் பின்னால் வந்தது. அது வரலாமா என்று எவரும் கூட்டம் போட்டுக் கேட்கவில்லை. வெளி பெரிதாக இருந்தது. நாய்க்கும் இடம் இருந்தது, பயந்தவருக்கும் விலகிப்போக இடம் இருந்தது. வேலை நான்கு சுவர்களுக்குள் வந்து, மெசின்கள் நெருக்கமாக வைக்கப்பட்டு, வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும் முறை வந்தபிறகுதான் இந்தக் கேள்வி பிறந்தது.

வெளிநாடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. பிரித்தானியாவில் 1996 இலும் அமெரிக்காவில் 1999 இலும் 'உங்கள் நாயை வேலைக்குக் கூட்டிவரும் நாள்' என்று ஒரு நாளைத் தொடங்கினார்கள். அது ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் வரும். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் அமேசன் நிறுவனம் தொடங்கிய காலத்தில் அங்கு வேலை செய்த ஒரு தம்பதியர் ரூபஸ் என்ற தங்கள் நாயைக் கூட்டிவந்தார்கள். பின்னர் அந்த நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு நாய்களைக் கூட்டிவருவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதைப் பற்றி ஓர் ஆய்வும் செய்தார்கள். வட கரோலைனா மாநிலத்தில் கிறீன்ஸ்பரோ என்ற ஊரில் பழைய பீங்கான், கரண்டி வகைகளைத் தேடி விற்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கு ஊழியர்கள் நாய்களைக் கூட்டிவர அனுமதி உண்டு. வேர்ஜீனியா கொமன்வெல்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு வாரம் அங்குள்ளவர்களைக் கவனித்து 2012 இல் முடிவை வெளியிட்டார்கள். நாயுடன் வந்தவர்கள், நாய் இருந்தும் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள், நாயே இல்லாதவர்கள் என மூன்று பகுதியினரிடமும் மன அழுத்தம் எப்படி என்று கேட்டார்கள். காலையில் மூன்று பகுதியினருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. நேரம் போகப்போக நாயுடன் வந்தவர்களுக்கு அழுத்தம் குறைந்தது. மற்ற இரு பகுதியினருக்கும் கூடியது. நாய்க்குச் சொந்தக்காரரே அதை விட்டுவிட்டு வந்த நாளில் அவருக்கும் அழுத்தம் கூடியது.

நாய் பக்கத்தில் இருந்தால் மனம் ஆறுகிறது என்று இதிலிருந்து சொல்லலாம். ஆனால் இந்த ஆய்வை அப்படியே எங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியாது. மன ஆறுதலுக்காக மட்டும் எங்கள் பெண்கள் நாயைக் கூட்டிவருவதில்லை.

ஏன் கூட்டிவருகிறார்கள்?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்புறக் கிராமம் ஒன்றில் உள்ள தையல் நிலையத்தில் 2016 இல் நடந்ததைச் சொல்கிறேன். அங்கு அப்போது 11 பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் 2010 இல் முகாமிலிருந்து திரும்பி வந்து குடியமர்ந்தவர். கணவரைப் பற்றி 2009 இன் பின்னர் ஒரு தகவலும் இல்லை. பாடசாலைக்குப் போகும் ஒரு மகள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஏறக்குறைய 3 கிலோமீற்றர். அதில் பாதி வழி ஆளில்லாத காணிகள். மதிலும் இல்லை, விளக்கும் இல்லை. பற்றைதான்.

மாலையில் வேலை முடிந்து சைக்கிளில் போகும்போது ஓரிடத்தில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பானாம். முதல் நாள் பெயரைக் கேட்டான். இரண்டாம் நாள் புருசன் வந்திட்டாரோ என்று கேட்டான். மூன்றாம் நாள் இவர் தனது நாயைக் கூட்டிப்போனார். நாய் கடிக்கவுமில்லை, குரைக்கவுமில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடிவந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மனிதனை அந்த இடத்தில் காணவில்லை.

அன்றிலிருந்து நாயும் தினமும் வேலைக்கு வந்தது. காலையில் ஓடிவந்து நிலையத்தின் வாசற்படியில் படுத்துக்கொள்ளும். மாலையில் எழும்பிப் போகும். இந்த விபரம் எதையும் அவர் நிலையத்தில் சொல்லவில்லை. சொன்னால் ஊரில் வேறு கதை கட்டுவார்கள் என்று பயந்தார். கேட்டவர்களுக்கு, "அது என்னை விட்டிட்டு இருக்காது, பின்னால வந்திடுது" என்று மட்டும் சொன்னார்.

இப்படி நாயை நம்பி வாழும் பெண்கள் எங்கள் மத்தியில் பலர். ஆண் துணை இல்லாத வீட்டில் இரவில் நாய் குரைத்தால் விளக்கைக் கொளுத்துகிறோம். குரைக்காவிட்டால் நித்திரை கொள்கிறோம். ஒரு காலத்தில் நாய் குரைக்கும் திசையைக் கேட்டே ஆமி எந்த ஒழுங்கையால் வருகிறது என்று அறிந்தவர்கள் நாங்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், 2008 இலும் 2009 இலும் வன்னிக்குள் இடம்விட்டு இடம் ஓடியபோதும், கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம். சில நாய்கள் எங்களுக்குப் பின்னால் நெடுந்தூரம் வந்தன. இன்று ஒரு சகோதரி தன் நாயை வீட்டில் கட்டிவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், அந்தப் பிடிவாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

மற்றப் பக்கம்

அதே நிலையத்தில் 19 வயதுப் பிள்ளை ஒருவர் இருந்தார். சின்ன வயதில் முகாமில் இருந்தபோது நாய் காலில் கடித்து ஊசி மேல் ஊசி போட்டவர். நாயைக் கண்டால் கை கால் விறைத்துவிடும். அவருடைய மெசின் உள்மூலையில் இருந்தது. மலசலகூடம் வெளியே இருந்தது. போவதென்றால் வாசற்படியைத் தாண்டவேண்டும். வாசற்படியில் நாய்.

அந்தப் பிள்ளை எவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். இப்படி ஐந்து கிழமை. கடைசியில் சிறுநீர் கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விடயம் வெளியே வந்தது.

நாய்க்குப் பயப்படுகிறவரைப் பார்த்து நாங்கள் சிரிப்பது வழக்கம். "அது ஒண்டும் செய்யாது, சும்மா வா பிள்ளை" என்போம். அது ஒன்றும் செய்யாது என்பது நாய்க்குச் சொந்தக்காரருக்குத் தெரியும். பயப்படுகிறவருக்கு எப்படித் தெரியும்? சோதனைச் சாவடியில் நாயை விட்டு மோப்பம் பிடிக்கவைத்த ஞாபகம் ஒருவருக்கு இருக்கலாம். பிணங்கள் கிடந்த இடத்தில் நாய்களைக் கண்ட ஞாபகம் இன்னொருவருக்கு இருக்கலாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லும்படி நாங்கள் வற்புறுத்தவும் கூடாது. "எனக்குப் பயம்" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லே போதுமானது.

கிழக்கிலும் மன்னாரிலும் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக வேலை செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கு இன்னொரு விடயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ முறைப்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை கழுவவேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். தொழுகைக்கு ஆயத்தமாக வந்த சகோதரியின் உடுப்பில் நாய் வந்து முகத்தைத் தேய்த்தால் அவருக்கு எவ்வளவு சங்கடம்! நாயை வைரவரின் வாகனமாக வணங்கும் சைவர்களும் அவரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள். இரண்டு பேருக்கும் அந்தக் கூரை சொந்தம்.

எப்படித் தீர்த்தார்கள்?

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் நிலையப் பொறுப்பாளர் அக்கா உடனே ஒரு முடிவு எடுத்தார். "நாளையிலிருந்து நாய் வரக்கூடாது." அவர் நினைத்தது நியாயம்தான். ஆனால் மறுநாள் நாயோடு சேர்ந்து அந்தச் சகோதரியும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அது பாடசாலைச் சீருடை தைக்கும் காலம். தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. நான்கு நாட்கள் அவர் வீட்டில் இருந்தார். எவரோ ஒருவர், "நாய்க்காக வேலையை விட்டிட்டா, கொழுப்பு" என்றும் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் நான் பணி நிமித்தம் அங்கு போயிருந்தேன். பொறுப்பாளர் அக்கா ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டார். வேப்பமரத்தடியில் எல்லோரும் பாய் விரித்து இருந்தோம். அக்கா செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. நாயை வைத்திருப்பவரிடம் முதலில் கேட்கவில்லை. "பயப்படுகிற ஆக்கள் முதல் சொல்லுங்கோ" என்றார். அந்தப் பிள்ளை மெல்லத் தொடங்கினார். பார்த்தால் பயப்படுகிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல, மூன்று பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாயின் சொந்தக்காரர் பேசினார். தெருவில் நின்ற மனிதனைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர், "எங்களையும் மறிச்சவன்" என்றார்கள்.

அதோடு பேச்சு நாயை விட்டுத் தெருவுக்குப் போனது. அன்று எடுத்த முடிவுகள் இவை:

1. நாய் வரலாம். ஆனால் கட்டடத்துக்குள்ளும் வாசற்படியிலும் இடமில்லை. வளவின் பின்பக்கம், மலசலகூடத்துக்கும் கிணற்றடிக்கும் போகும் பாதையில் இல்லாத ஒரு மரத்தில் கட்டவேண்டும்.

2. தடுப்பூசி ஏற்றிய அட்டையைப் பொறுப்பாளரிடம் காட்டவேண்டும். அட்டை இல்லாவிட்டால் அனுமதி இல்லை.

3. சொந்தக்காரர் பத்து நிமிடம் முன்னதாக வந்து நாயைக் கட்டவேண்டும். தண்ணீர் வைப்பதும், கழிவை அள்ளிப் புதைப்பதும் அவருடைய வேலை. வேறு எவரும் நாய்க்குச் சாப்பாடு வைக்கக்கூடாது.

4. பிள்ளைகளைக் கூட்டிவருபவர்கள் அவர்களை அந்தப் பக்கம் விடக்கூடாது.

5. ஒரு மாதம் பார்ப்போம். பயப்படுகிற மூவரில் ஒருவர் ஏலாது என்றாலும் மீண்டும் கூடிப் பேசுவோம்.

6. அந்தத் திசையில் போகும் நான்கு பேரும் மாலையில் ஒன்றாகவே புறப்படவேண்டும். ஒருவருக்கு வேலை முடியாவிட்டால் மற்றவர்கள் நிற்கவேண்டும்.

ஆறாவது முடிவுதான் மிக முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். தெருவில் பெண்ணை மறிக்கிற ஒருவன் இருக்கும்வரை நாயை மட்டும் வெளியேற்றி ஒரு பயனும் இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் கிராம அலுவலருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். பற்றையை வெட்டித் துப்புரவாக்க ஊரவர்கள் ஒரு சிரமதானம் செய்தார்கள். அந்தப் பிள்ளை இன்றுவரை நாயைத் தொட்டதில்லை. தொடவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தண்ணீர் குடிக்கிறார், பயமின்றி வெளியே போய்வருகிறார். அதுதான் தேவை.

நாய்க்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்

நாய்கள் உண்மையாகவே வேலை செய்த இடம் ஒன்று எங்கள் மண்ணில் உண்டு. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணிகள் பெருகியபோது மோப்ப நாய்களையும் பயன்படுத்தினார்கள். வெடிமருந்தின் மணத்தை மோந்து, கண்ட இடத்தில் இருந்து காட்டும்படி அவற்றைப் பழக்குவார்கள். ஒவ்வொரு நாய்க்கும் அதைக் கையாளும் ஒருவர் இருப்பார். ஒரு நாய் பார்த்த நிலத்தை இன்னொரு நாயும் பார்ப்பது வழக்கம். வெயில் ஏறினால் நாயின் மூக்கு களைத்துவிடும் என்பதால் ஓய்வும் நிழலும் கொடுத்தே வேலை வாங்குவார்கள். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் பலர் இந்தக் கண்ணிவெடித் தொழிலில் சேர்ந்ததும், முகமாலை போன்ற இடங்களில் முழந்தாளில் இருந்து நிலத்தைக் கிளறியதும் உங்களுக்குத் தெரியும்.

பழக்கிய நாய்க்கே இவ்வளவு ஒழுங்கு தேவையென்றால் எங்கள் வீட்டு நாய்க்கு எவ்வளவு தேவை? வேலைத்தலத்துக்கு வரும் நாய்க்கு ஒரு பொறுப்பாளர், ஓர் இடம், நிழல், தண்ணீர் ஆகிய நான்கும் இருக்கவேண்டும். வெயிலில் தகரத்தின் கீழ் குறுகிய கயிற்றில் கட்டினால் எந்த நாயும் சினக்கும். தையல் நிலையத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நூல் கோத்த ஊசி நிலத்தில் விழுந்தால் நாய் அதை விழுங்கிவிடும். விழுங்கினால் குடலை அறுக்கும். பெட்டை நாய் என்றால் கூடும் காலத்தில் கூட்டிவரவே கூடாது. ஊர் நாய்கள் எல்லாம் நிலையத்துப் படலையில் வந்து சண்டை பிடிக்கும். குட்டி போட்ட நாயையும் கொண்டுவரவேண்டாம். எவ்வளவு சாதுவான நாயும் குட்டிக்காகக் கடிக்கும்.

உணவு தயாரிக்கும் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மா, தூள், பலகாரம், கருவாடு, ஊறுகாய் செய்யும் இடத்தினுள் நாய்க்கும் பூனைக்கும் இடமே இல்லை. இதில் பேச்சுவார்த்தைக்கு ஒன்றுமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு நாய் மயிரைக் கண்டாலும் உங்கள் எல்லோருடைய உழைப்பும் பாழாகிவிடும். நான் சொன்ன மூன்றாவது வேலைத்தலத்தில், பக்கத்து வீட்டு ஆச்சி பகலில் தன் வளவில் நாயைக் கட்டிவைக்கச் சம்மதித்தார். இப்படியும் ஒரு வழி உண்டு.

ஊசியும் கடியும்

நாயை வைத்திருப்பவர்களும் வைத்திருக்காதவர்களும் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் சொல்லுங்கள்.

விசர்நாய்க்கடி நோயால் 1973 இல் எங்கள் நாட்டில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டம் பரவியபின் இந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு இருபது, முப்பது பேர் என்ற அளவில் நிற்கிறது. ஒவ்வொரு மரணமும் தடுத்திருக்கக்கூடிய மரணமே. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். அறிகுறி தோன்றுமுன் ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுங்கள். சுகாதாரத் திணைக்களத்தினர் கிராமங்களுக்கு வந்து இலவசமாக ஏற்றுகிறார்கள். எப்போது வருவார்கள் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அறியலாம். தருகின்ற அட்டையைப் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பைக்குள் வையுங்கள். பூச்சி மருந்தும் கொடுங்கள். நாயின் குடற்புழு மண்ணில் கலந்து வெறுங்காலோடு நடப்பவருக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும். நாயைப் பிரதேச சபையில் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

நாய் கடித்தால் அல்லது பல் கீறினால், ஏன், புண்ணை நக்கினாலும் கூட, உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பவேண்டாம். பார்வை பார்க்கவும் மருந்து கட்டவும் போய் நாளைக் கடத்தவேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பயமின்றிப் போடலாம். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் வைத்தியர் குறித்துத் தரும் எல்லா நாட்களிலும் போகவேண்டும். தடுப்பூசி ஏற்றிய நாய் கடித்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பூனை, கீரி கடித்தாலும் இதே முறைதான்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து 14 நாட்கள் கவனியுங்கள். அதற்குள் நாய் செத்தால் அல்லது அதன் போக்கில் மாற்றம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்கள்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பிக் கையை நீட்டாதீர்கள். குரைக்கிற நாயும் கடிக்கும். அது சாப்பிடும்போதும் நித்திரை கொள்ளும்போதும் கிட்டப் போகவேண்டாம். உறுமிக்கொண்டு உடம்பை விறைத்து நின்றால் ஓடாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், அசையாது நின்று மெல்லப் பின்வாங்குங்கள்.

பேசிப் பாருங்கள்

பொறுப்பாளர்களாக இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாய் வரக்கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சில இடங்களில் அப்படித்தான் சொல்லவேண்டும். ஆனால் சொல்லுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். "நீங்கள் எந்தப் பாதையால் வாறியள்?", "வீட்டில பகலில் ஆர் இருக்கினம்?" இந்த இரண்டுக்கும் வரும் பதிலில்தான் நாய் ஏன் வருகிறது என்ற காரணம் இருக்கும். நாயை மறிப்பதென்றால் அந்தக் காரணத்துக்கு வேறு வழி ஒன்றைச் சேர்த்தே மறியுங்கள். சேர்ந்து போவதற்கு ஆள், வேலை முடியும் நேரத்தில் அரை மணி முந்தி, கட்டிவைக்க ஒரு அயல் வீடு, இப்படி ஏதாவது ஒன்று.

நாயைக் கூட்டிவரும் சகோதரிகளே, உங்கள் நாய் உங்களுக்குக் காவல். மற்றவருக்கு அது ஒரு நாய் மட்டுமே. காரணத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். உங்களை மறிப்பவன் வெட்கப்படவேண்டிய விடயத்துக்கு நீங்கள் வெட்கப்படுவது சரியில்லை. எவருக்கும் சொல்ல முடியாத நிலை என்றால் 1938 என்ற பெண்களுக்கான அரச தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம்.

பயப்படுகிற சகோதரிகளே, தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள்.

அடுத்த முறை நிலையத்தில் மாதக் கூட்டம் கூடும்போது கணக்குப் பார்த்து முடிந்ததும் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குங்கள். நாய் இருக்கிற நிலையமானால் நாயைப் பற்றிப் பேசுங்கள். நாய் இல்லாத நிலையமானால் வீட்டுக்குப் போகும் பாதையைப் பற்றிப் பேசுங்கள்.